ரோ 80 காரில் ஏறிய அனுபவங்கள்

ஹைல்ப்ரானில் பணிபுரியும் பொறியாளர்:

பக்கத்து ஊரான நெக்கார்சுல்மில் நடந்த பழைய கார்ச் சந்திப்பு ஒன்றில் என்.எஸ்.யூ. என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் ரோ 80 காரில் அமர்ந்து செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. 1967-இல் அறிமுகமான கார் என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். க்ளாவுஸ் லூத்தே வடிவமைத்த தாழ்ந்த முகப்பும் உயர்ந்த பின்புறமும் அகன்ற கண்ணாடிகளும் அதை 1980-களின் கார் என்றே எண்ண வைக்கின்றன.

கிளட்ச் மிதி கிடையாது. கியர் தண்டின் குமிழுக்குள் ஒரு மின்சுவிட்ச் இருக்கிறது; அதைத் தொட்டதும் வெற்றிட விசையால் இயங்கும் அமைப்பு கிளட்ச்சை விடுவித்துவிடும். குமிழின்மேல் கையை ஓய்வாக வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கார் ஒத்துவராது. பேச்சுவாக்கில் என் கை அதில் பட்டதும் எஞ்சின் சட்டென்று உறும, உரிமையாளரான முதியவர் சிரித்தபடியே என் கையை விலக்கினார்.

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலிகள் இரண்டைக் கொண்ட வாங்கெல் எஞ்சின் இது. 115 குதிரைத்திறன் தரும் அந்த எஞ்சின் வேகம் கூடக் கூட அதிர்வே இல்லாமல் சுழல்கிறது. அந்த மென்மையே அதற்கு ஓர் ஆபத்தும் ஆயிற்று. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைக் காதால் உணர முடியாததால், எச்சரிக்கை ஒலியெழுப்பி ஒன்றைப் பின்னர் பொருத்தினார்கள். ஆயினும் காரின் பெயரைக் கெடுத்தது வேறொரு சிறிய பாகம். சுழலியின் ஒவ்வொரு முனையிலும் வாயு கசியாமல் தடுக்கும் சீல், ஒரே உலோகத்தாலான மூன்று துண்டுகளாக இருந்தது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கும்போதெல்லாம் நடுத்துண்டு மற்ற இரண்டையும்விட விரைவாகத் தேய்ந்தது. அது தேய்ந்தபின் ஓரத்துண்டுகள் இடம் நகர, எரிந்த வாயு கசிந்து எஞ்சின் வலுவிழந்தது. 50,000 கிலோமீட்டரைத் தொடும் முன்பே பல எஞ்சின்கள் பிரிக்கப்பட்டன. நடுத்துண்டை மட்டும் கடினமான வேறு பொருளில் செய்தவுடன் சிக்கல் தீர்ந்தது, ஆனால் அதற்குள் உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நொடித்திருந்தது. 1969-இல் ஃபோக்ஸ்வாகனின் ஆளுகையில் ஆட்டோ யூனியன் என்ற கார் நிறுவனத்துடன் அது இணைக்கப்பட்டது.

சாலையில் எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள், தம் கார் இதுவரை எத்தனை எஞ்சின் கண்டது என்பதை விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்கள் என்ற கதையையும் அந்த முதியவர் சொன்னார். ஜெர்மனியில் எல்லாரும் சொல்லும் கதைதான்.

ஸ்டுட்கார்ட்டில் வசிப்பவர்:

1968-இல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதைப் பெற்ற முதல் ஜெர்மானியக் கார் இதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். காலத்தை முந்திய நுட்பம் உரிமையாளரைப் படுத்துவது இங்கு புதிதல்ல. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில், பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் பம்ப், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி இறங்கி ஆயிலில் கலப்பதால், அத்தகைய காரொன்றைப் பராமரிக்கும் நண்பர் ஆயிலை அடிக்கடி மாற்றுகிறார். ஆயில் அளவைக் காட்டும் கோலைத் துடைக்குமுன், பெட்ரோல் வாடை வீசுகிறதா என்று அதை முகர்ந்து பார்ப்பதும் அவர் வழக்கம்.

மான்ஹைமிலிருந்து ஒருவர்:

நான் ஏறிய ரோ 80-இல் வாங்கெல் எஞ்சினே இல்லை. சீல் சிக்கலால் சலித்துப்போன பலர் நான்கு சிலிண்டர்கள் 'V' வடிவில் அமைந்த ஃபோர்டின் வி4 எஞ்சினை அதில் பொருத்தினார்கள். அந்தச் சிறிய முன்பகுதிக்குள் அடங்கும் அளவுக்கு நீளம் குறைந்த சில எஞ்சின்களுள் அதுவும் ஒன்று. கார் நின்றிருக்கும்போதே அந்த எஞ்சினின் அதிர்வால் உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் கலங்கித் தெரிந்தன. அதை ரோ 80 என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அதன் உரிமையாளரோ, அந்த வி4 இல்லையென்றால் வண்டி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்கிறார்.