பேஸ் கிட்டாரில் நாலு கம்பியும் ஒரே அளவில் பேச எந்த செட் போடலாம்?

தூத்துக்குடி_பேஸ்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கருவி ஃபெண்டர் பிரெசிஷன் வகை, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிர்கிற நீளம்). இப்போது அதில் இருப்பது நிக்கல் முலாம் பூசிய ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பியால் சுற்றியது), தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 45-65-85-105.

எங்கள் கச்சேரியில் பாதிக்கு மேல் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள்தான். அவற்றில் பேஸ் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. தடித்த ஈ கம்பியில் கிளம்பி, ஏ தாண்டி, மெல்லிய டி, ஜி வரைக்கும் ஏறிப்போய்த் தனியாக ஒரு மெட்டுப் பாடிவிட்டுத்தான் இறங்கும். அப்படி ஏறும்போது டி கம்பி மட்டும் முந்திக்கொண்டு அடிக்கிறது. அடுத்து ஜி-க்குப் போனால் சத்தம் மெலிந்துவிடுகிறது. ஈ கம்பியோ விரலுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ஆம்ப்பில் லோ-வைக் கூட்டினால் மண்டபம் முழுக்க 'பூம்' என்று பரவுகிறது. குறைத்தால் ஈ கம்பியே காணாமல் போகிறது.

ஸ்டீல் போடலாமா, நிக்கலிலேயே இருக்கலாமா, இல்லை ஃப்ளாட்வுண்டுக்கு (தட்டைப் பட்டையால் சுற்றியது) போய்விடலாமா? கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, விலையும் கூடுதல். அதனால் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன்.

நாலுகம்பி

தம்பி, ஸ்டீலா நிக்கலா என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் சொல்கிற குறை உலோகத்தில் இல்லை, தடிமனில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஸ்கேல் நீளம் ஒன்றாக இருக்கும்போது, கம்பியின் தடிமனை அது ஒலிக்கிற அதிர்வெண்ணால் பெருக்கி, வந்த எண்ணை வர்க்கம் ஆக்கினால் ஏறக்குறைய இழுவிசையின் விகிதம் கிடைத்துவிடும். ஜி 98 ஹெர்ட்ஸ், டி 73.4, ஏ 55, ஈ 41.2. உங்கள் செட்டில் ஜி: 45 × 98 = 4410. டி: 65 × 73.4 = 4771. ஏ: 85 × 55 = 4675. ஈ: 105 × 41.2 = 4326. வர்க்கம் ஆக்கினால் ஜி-யைவிட டி 17 சதவீதம் இறுக்கம். அதே டி-யோடு ஒப்பிட்டால் ஈ 18 சதவீதம் தளர்வு. டி முந்துகிறது, ஈ தொளதொளக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இதற்கென்றே 'பேலன்ஸ்டு டென்ஷன்' செட் வருகிறது. டி'அடாரியோவில் 45-60-80-107 என்று ஒன்று உண்டு. அதே கணக்கை அதற்கும் போடுங்கள்: 4410, 4404, 4400, 4408. நாலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கிறது. ஜி-யும் ஈ-யும் கிட்டத்தட்ட நீங்கள் பழகிய தடிமன்தான், டி-யும் ஏ-யும் மட்டும் இளைக்கின்றன. அந்த பிராண்டு கிடைக்காவிட்டால் தனிக் கம்பியாக வாங்கியும் சேர்க்கலாம், ஆனால் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் எடுங்கள். உள்கம்பியும் வெளிச்சுற்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாறினால் இந்தக் கணக்கு அத்தனை துல்லியமாக நிற்காது.

நாலிலும் இறுக்கம் ஒன்றானால் வலது கை ஒரே விசையில் வாசிக்கலாம். கம்பி மாறும்போதெல்லாம் விரலை அடக்கி ஏற்ற வேண்டியதில்லை. சமநிலையில் முக்கால்வாசி அங்கேயே வந்துவிடும் என்பது என் கருத்து.

பிக்கப்_பைத்தியம்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் காசு செலவில்லாத ஒரு வேலையை முதலில் செய்யுங்கள். பிரெசிஷன் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இரண்டு துண்டு. ஒன்று ஈ, ஏ-க்கு, இன்னொன்று டி, ஜி-க்கு. இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். அதோடு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் திருகு இருப்பதால் சாய்க்கவும் முடியும். டி-யும் ஜி-யும் உள்ள துண்டில், ஜி பக்கத்துத் திருகை அரைச் சுற்று ஏற்றி, டி பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியை அழுத்திப் பிடித்தபடி காந்தத்துக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2 என்று ஆரம்பிக்கலாம். ரொம்ப நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்வரம் அலையும், அது வேண்டாம்.

ஃப்ளாட்டே_போதும்

ஃப்ளாட்வுண்டை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரெசிஷனில் லா பெல்லா ஃப்ளாட்வுண்ட் போட்டுத்தான் வாசித்தார், அதையும் லேசில் மாற்ற மாட்டார். ஃப்ளாட்டில் 'சர்ர்' என்ற மேல் ஓசை குறைவு. அதனால் தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, மேலே ஏறினாலும் ஒரே ஆள் பாடுவது மாதிரி இருக்கும். சுற்றுக்கு இடையில் பள்ளம் இல்லாததால் வியர்வையும் அழுக்கும் உள்ளே தங்காது. உங்கள் ஊருக்கு அது பெரிய வசதி. ஆனால் பெரும்பாலான ஃப்ளாட் ரவுண்டைவிட இறுக்கம். தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் மட்டும் நல்ல தளர்வு, விலைதான் கையைக் கடிக்கும்.

தூத்துக்குடி_பேஸ்

எல்லோருக்கும் நன்றி. பிக்கப்பை நேற்று ராத்திரியே சாய்த்துப் பார்த்தேன். ஜி கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, ஆனால் ஈ-யின் தொளதொளப்பு அப்படியே இருக்கிறது. எனக்கு ஸ்லாப் (கட்டை விரலால் கம்பியை அடித்து வாசிப்பது) மாதிரி கொஞ்சம் பளிச்சென்ற வாசிப்பும் தேவைப்படுவதால் ரவுண்டிலேயே இருக்கிறேன், 45-60-80-107 சொல்லிவிடப் போகிறேன். அண்ணே, மாட்டும்போது ட்ரஸ் ராடைத் (நெக்கின் வளைவைத் திருத்தும் உள்கம்பியை) தொட வேண்டி வருமா?

நாலுகம்பி

வரலாம். நாலையும் கூட்டினால் மொத்த இழுவை 6 சதவீதம் போலக் குறைகிறது, அதனால் நெக் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். மாட்டிச் சுதி சேர்த்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் தொடவே வேண்டாம். கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக்கிடந்தால் ராடைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், அதற்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கம்பியை வெட்டுவதற்கு முன்னால் வெட்டப் போகிற இடத்தில் செங்குத்தாக மடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சுற்று நழுவி கம்பி செத்த ஓசை கொடுக்கும். மாட்டி முடித்ததும், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலுக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு கம்பியையும் கட்டை விரலால் கீழே அழுத்திவிடுங்கள். புதுக் கம்பி சாடிலின் மேல் வில் போல வளைந்து நிற்கும், அழுத்தினால் அந்த வளைவு போய் ஸ்வரம் தெளிவாக நிற்கும். டி-யும் ஏ-யும் இளைத்திருப்பதால் இன்டொனேஷனை (நெக் முழுவதும் சுதி சரியாக நிற்கிறதா என்பதை) நாலிலும் புதிதாகப் பாருங்கள். நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டின் பள்ளத்தில் டி கம்பி ஆடி 'கிர்ர்' என்றால் மட்டும் எழுதுங்கள், என்ன செய்வது என்று சொல்கிறேன்.