பைக் டாக்சியில் போகும்போது விபத்து, அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிவு: நஷ்டஈடு யார்கிட்ட, எப்படிக் கேட்கிறது?

திருப்பூர் தம்பி:
வணக்கமுங்க. அக்காவுக்கு 34 வயசு. திருப்பூர்ல பவர் டேபிள்ல (கூலிக்குத் தைக்கற சின்ன யூனிட்) ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். மாசம் சுமாரா 14,000 வரும், சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. 12 நாள் முன்னாடி கோயமுத்தூர் ஹோப் காலேஜ் பக்கம் ஆப்ல புக் பண்ணின பைக் டாக்சியில போயிருக்காங்க. முன்னால போன டாடா ஏஸ் இண்டிகேட்டர் போடாம வலது பக்கம் திரும்பி இடிச்சுருச்சு. தனியார் ஆஸ்பத்திரியில பிளேட் வெச்சாங்க, 1,38,000 ஆச்சு.
எஃப்.ஐ.ஆர். இன்னும் போடலைங்க. ஏஸ் ஓனர் 20,000 தர்றேன், கேஸ் வேண்டாம்னு எழுதிக் குடுங்கங்கறார். பைக் வெள்ளை போர்டு, சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்சது. ஆப்ல புகார் பண்ணினா டிக்கெட் நம்பர் மட்டும்தான் வருது. இனி என்ன பண்ணலாமுங்க?

நொய்யல்கரை:
அந்த 20,000-க்குக் கையெழுத்துப் போட்டுராதீங்க. எலும்பு முறிவுன்னாலே சட்டத்துல கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆவது பிரிவுல யார் மேல தப்புன்னு நிரூபிக்காமயே 2,50,000 நிலையா கேக்கலாம். அலட்சியத்தை நிரூபிச்சு 166-ல போனா தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கையை நம்பிப் பிழைக்கற டெய்லருக்கு 166 தான் சரி.

இன்னைக்கே செய்ய வேண்டியது எஃப்.ஐ.ஆர். சம்பவ இடம் கோயமுத்தூர், அதனால அங்கத்த போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்குப் போங்க. எல்லை எங்களது இல்லைன்னு எந்த ஸ்டேஷன்லயும் திருப்பியனுப்பக் கூடாது. புகார் வாங்கிக்கிட்டதுக்குக் குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க, அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிய மாட்டேன்னா கமிஷனருக்குப் பதிவுத் தபால், அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட். தாமதமா எஃப்.ஐ.ஆர். போட்டாங்கற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டு மனுவைத் தள்ள முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2011-லயே சொல்லிருக்கு. 12 நாளுக்குக் காரணம் ஆபரேஷன்னு புகார்லயே ஒரு வரி எழுதிருங்க.

அவசரம் ஏன்னா, எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் மோட்டார் வாகன ஆய்வாளர் ஏஸைப் பார்த்து அறிக்கை குடுப்பார். அதுக்குள்ள ஓனர் டிங்கரிங், பெயிண்டிங் முடிச்சுட்டா இடிச்ச தடம் போயிரும். கடைகள்ல இருக்கற சி.சி.டி.வி. பதிவும் சில வாரத்துல அழிஞ்சுரும். நேர்ல போய்க் கேளுங்க, எழுத்து மூலமாவும் குடுங்க.

ஊத்துக்குளி ரயிலடி:
மேல சொன்னதோட ஒண்ணு. முதல்ல காட்டின ஆஸ்பத்திரியில விபத்துப் பதிவேடு இருக்கும், ஏ.ஆர். காப்பிம்பாங்க. முதல்ல அதை வாங்கிப் படிங்க. அதுல ஒரே வரிதான்: எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, எப்படி அடிபட்டதுன்னு. "பைக்கில் பின்னால் சென்றபோது சரக்கு வண்டி மோதியதாக"ன்னு இருந்தா நல்லது. வலியில கூட வந்தவங்க "வண்டியில இருந்து விழுந்துட்டாங்க"ன்னு சொல்லி, "ஸ்கிட் அண்டு ஃபால்"னு (வழுக்கி விழுந்தது) எழுதியிருந்தா, இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில மொதல்ல அந்தக் காயிதத்தைத்தான் தூக்குவார். வேற வண்டியே சம்பந்தப்படலைம்பார்.

அப்படி இருந்தா அடிச்சுத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரியை நச்சாதீங்க, திருத்தின காயிதம் இன்னும் கெடுதல். ஆப் பயண விவரம், சி.சி.டி.வி., பைக் ஓட்டுனவர் வாக்குமூலம், ஆய்வாளர் அறிக்கை, இதுகளை வெச்சு அதை ஈடுகட்டணும்.

ஆப்ல இருக்கற டிரிப் ஐ.டி., ரசீது, வழித்தடம், வண்டி நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயில்ல போட்டு வைங்க. ஆப்ல காட்டின நம்பரும் வந்த பைக் நம்பரும் ஒண்ணுதானான்னு பாருங்க. ரெண்டு வண்டி நம்பரையும் அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல போட்டா இன்சூரன்ஸ் நடப்புல இருக்கான்னு தெரியும்.

திருப்பூர் தம்பி:
ஏ.ஆர்.ல "டூவீலர் வெர்சஸ் ஃபோர் வீலர்"னு இருக்குங்க. வெள்ளை போர்டுங்கறதால கேஸ் அடிபடுமா?

நொய்யல்கரை:
நல்ல வரிதான், விடுங்க. வெள்ளை போர்டு பிரச்சினை பைக்கோட இன்சூரன்சுக்குத்தான். பைக்குல தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும்னா பின்னாடி உக்காந்தவங்களுக்கு அதுல கவர் வராது. பேக்கேஜ் பாலிசின்னா (முழுக் காப்பீடு) பின்னிருக்கைக்காரருக்கும் உண்டு, ஆனா சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினதா அந்தக் கம்பெனி சண்டை பிடிக்கும். ஏஸோட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அக்கா வெளி ஆள், பைக் என்ன போர்டா இருந்தாலும் அவங்க பொறுப்பு குறையாது.

அதுக்காக ஏஸை மட்டும் சேர்க்காதீங்க. விசாரணையில "பைக்காரரும் பாதி தப்பு"ன்னு வரலாம். பின்னாடி உக்காந்த அக்கா மேல தப்பில்லை. ரெண்டு வண்டியும் சேர்ந்து பண்ணின அலட்சியம்னா முழுத் தொகையையும் யார்கிட்ட வேணும்னாலும் வசூல் பண்ணலாம்னு 2015-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அதனால ரெண்டு ஓனர், ரெண்டு இன்சூரன்ஸ், நாலு பேரும் எதிர்மனுதாரர். ஆப் கம்பெனியோட பயண இன்சூரன்ஸ் தனி. அதுக்கு உண்டான கெடுவுக்குள்ள எழுத்து மூலமா கேட்டு வைங்க. நியாயமில்லாம மறுத்தா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அங்க கெடு 2 வருஷம்.

மனுவை எங்க போடறதுன்னு அலையாதீங்க. குடியிருக்கற ஊர்லயே போடலாம்னு 166(2) சொல்லுது, திருப்பூர் கோர்ட்டே போதும். கெடு, விபத்து நடந்த நாள்ல இருந்து 6 மாசம். 2022 ஏப்ரல்ல இருந்து இதுதான். 2025 நவம்பர்ல, கெடு தாண்டின மனுக்களைத் தள்ளாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டிருக்கு. அது இடைக்காலம்தான், அதை நம்பி நாளைக் கடத்தாதீங்க. போலீஸ் 3 மாசத்துல விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு (மனு போடற அதே கோர்ட்) அனுப்பற அறிக்கையையே மனுவா எடுத்துக்கணும்னு சட்டம் இருக்குது. ஆனாலும் தனியா மனு போட்டுருங்க.

பவானிக்கூடல்:
தொகை எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா யாரும் ஏமாத்த முடியாது. மாச வருமானம் 14,000. சொந்தத் தொழில், பீஸ் ரேட், 40 வயசுக்குக் கீழன்னா எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 19,600. வருஷத்துக்கு 2,35,200. இதை வயசுக்குத் தக்க எண்ணால பெருக்குவாங்க, 31 முதல் 35 வயசுக்கு அது 16. மொத்தம் 37,63,200. தொழில் ரீதியான ஊனம் 15 சதவீதம்னு ஏத்துக்கிட்டா 5,64,480. இதுக்கு மேல மருத்துவச் செலவு, வேலையிழந்த மாசங்கள், வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கிட்டவங்க செலவு, பிசியோதெரபி, பிளேட் எடுக்கற ஆபரேஷன், எல்லாம் தனித்தனி.

மருத்துவ வாரியம் (ஊனத்தை அளந்து சர்ட்டிஃபிகேட் குடுக்கற டாக்டர்கள் குழு) மணிக்கட்டுக்குக் குடுக்கற சதவீதம் வேற, தொழில் ஊனம் வேற. கணக்கு எழுதறவருக்குப் பெருசா பாதிப்பில்லை. ஓவர்லாக்ல துணியைத் திருப்பித் தள்ற கை மடங்கலைன்னா பிழைப்பே போச்சு. மிஷின்ல கை எந்த வேலை செய்யுது, இப்ப எது முடியலைன்னு சாட்சியத்துல விவரமா சொல்லணும். வாரியத்துக்கு எலும்பு கூடின பிறகுதான் போகணும், மனு அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வருமானத்துக்கு சனிக்கிழமை சம்பளம் எழுதற நோட்டு, ஜிபே வரவு, பவர் டேபிள் ஓனரோட சாட்சி. அவரைக் கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்க, வெறும் சர்ட்டிஃபிகேட் நிக்காது. மருந்து பில் ஒவ்வொண்ணுலயும் அக்கா பேர் இருக்கணும். எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்காம வைங்க. மெடிக்ளெய்முக்கு ஒரிஜினல் குடுத்திருந்தா சான்றிட்ட நகல் வாங்குங்க.

திருப்பூர் தம்பி:
தெளிவாச்சுங்க. ஒரு வக்கீல் வர்றதுல 30 சதவீதம் கேக்கறார், வெத்துப் பேப்பர்ல கையெழுத்தும் வேணுமாம்.

ஊத்துக்குளி ரயிலடி:
ரெண்டும் வேண்டாமுங்க. ஜெயிச்ச தொகையில பங்குன்னு ஃபீஸ் பேசறது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு: கோர்ட் வளாகத்துலயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஃபோன்ல 15100. யார் நடத்தினாலும் வக்காலத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, அக்காவோட சொந்த பேங்க் பாஸ்புக் நகலைக் கோர்ட்ல குடுங்க. லோக் அதாலத்துல சமரசம் பேச வந்தா, வாரியத்துச் சதவீதம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒத்துக்காதீங்க.

நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். காப்பி, டிரிப் ஸ்கிரீன்ஷாட், ஆதார், நாலுலயும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. அக்காவால எழுத முடியாதுன்னா அவங்க சொல்லச் சொல்ல நீங்க எழுதி, அவங்க இடது பெருவிரல் ரேகை வெச்சுக் குடுத்தாப் போதும்.