பயிலரங்கில் கற்ற உடலசைவுப் பாடம் வீட்டுக்கு வந்ததும் ஏன் மறைந்துவிடுகிறது?

மெல்லடி (கேள்வி):

ஊர் ஊராகச் சென்று வகுப்பெடுக்கும் இயக்கச் சிகிச்சையாளர் ஒருவரின் மூன்று நாள் பயிலரங்கில் இரண்டு மாதங்களுக்கு முன் கலந்துகொண்டேன். தரையில் படுத்துத் தலையை மெதுவாக இருபுறமும் உருட்டுவது, ஒரு காலை மடக்கி இடுப்பைச் சற்றே சாய்ப்பது என்று, பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும் பயிற்சிகளே பெரும்பாலும் இருந்தன. ஆயினும் மூன்றாம் நாள் எழுந்து நடந்தபோது, பல ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றியிருந்த கழுத்து இறுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிச் சென்றார். இரண்டே வாரங்களில் என் கழுத்தும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

கடைசி நாளில் ஒருவர், "நாள்தோறும் நீங்கள் எவ்வளவு நேரம் பயிற்சி செய்வீர்கள்?" என்று கேட்டதற்கு, தனியாக நேரம் ஒதுக்குவதில்லை என்றும், பெட்டி தூக்குவதும் படியேறுவதுமே தமக்குப் பயிற்சி என்றும் அவர் சொன்னார். அடக்கத்துக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி இயலுமா என்பது எனக்கு விளங்கவில்லை. வேலைக்கும், முதிய தாயாரைக் கவனித்துக்கொள்வதற்கும் நடுவில் தினமும் முக்கால் மணி நேரம் தரையில் படுத்திருக்க எனக்கு வாய்ப்பில்லை. இத்துறையை அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பயணப்பாய்:

நானும் அதே தொழிலில் இருப்பவன். ஆண்டில் பாதி நாட்கள் வெளியூரில்தான் கழிகின்றன. அவர் அடக்கத்துக்காகச் சொல்லியிருக்க மாட்டார். வாரத்துக்கு ஒரு புதிய கட்டில், புதிய நாற்காலி, உயரம் தெரியாத படிக்கட்டு என்று வாழ்பவருக்குத் தம் பழக்கங்கள் தாமாகவே கண்ணில் படும். படிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு படிகளில் கால் உயரத்தை அளந்துகொண்டு, மீதிப் படிகளும் அவ்வாறே இருக்கும் என்று நம்பி ஏறுகிறது. நடுவில் ஒரு படி மட்டும் சற்று உயர்ந்திருந்தால் நாம் தடுக்கிவிழுவது அதனால்தான். சொந்த வீட்டுப் படிகளில் இந்த நம்பிக்கை ஒருநாளும் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே எப்படி ஏறுகிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

பெட்டி கற்றுக்கொடுத்தது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வேபர், கையில் தூக்கும் எடை ஏறத்தாழ 40இல் ஒரு பங்காவது மாறினால்தான் மாற்றம் நமக்கு உறைக்கிறது என்று கண்டறிந்தார். அதன்படி 1 கிலோவைத் தூக்கியிருப்பவருக்கு 25 கிராம் கூடினாலே தெரிந்துவிடும். 20 கிலோ பெட்டியைத் தூக்கியிருப்பவருக்கோ அரை கிலோ கூடினால்தான் தெரியும். இயற்பியலாளராகவும் ஜூடோ ஆசிரியராகவும் இருந்து, தம் முழங்கால் காயத்தைத் தாமே ஆராயப் புகுந்த மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984), தமது பயிற்சிகளில் விசையை ஏன் அவ்வளவு குறைக்கச் சொல்கிறார் என்பதற்கு இந்த விதியையே காரணமாகக் காட்டினார். பயிலரங்கில் உங்கள் கழுத்து இளகியதும் ஏறக்குறைய இப்படித்தான்: விசை குறைந்ததால் வீண் இறுக்கம் உணர்வுக்கு எட்டியது, எட்டியதால் அதை விட முடிந்தது. வீட்டில் எல்லாவற்றையும் அவசரமாக, தேவைக்கு மேற்பட்ட பலத்துடன் செய்கிறோம்; அந்த இரைச்சலில் கழுத்தின் முணுமுணுப்பு கேட்பதில்லை.

ஆகவே முக்கால் மணி நேரத்தை மறந்துவிடுங்கள். நாளில் பலமுறை செய்யும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டு, உடலை முன்னே சாயவிட்டு, எடை பாதங்களுக்கு வந்து சேர்ந்த பின் எழுந்தால், தொடைக்கு எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்பதைப் பாருங்கள். மூச்சை அடக்குகிறீர்களா, மோவாயை மேலே தூக்குகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். திருத்த முயல வேண்டாம்.

தாயாரைக் குறிப்பிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதியவரை எழுப்பும்போது நம்மில் பெரும்பாலோர் கையைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கிறோம். அவருடைய எடை இன்னும் நாற்காலியில் இருக்கையில் இழுத்தால், அவர் அச்சத்தில் பின்னே சாய்வார். நாம் மேலும் இழுப்போம். இருவருக்கும் தோள் வலிக்கும். அதற்குப் பதிலாக, அவர் பாதங்களைப் பின்னே வைக்கும்வரை காத்திருந்து, முன்னே சாய இடம் விட்டு, எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, "நீங்கள் எழுங்கள், நான் கூட இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். என் வகுப்புகளில் ஓர் அசைவை நான் செய்துகாட்டாமல் சொற்களால் மட்டுமே விளக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். செய்துகாட்டினால் மாணவர்கள் என்னைப் பார்த்து நகலெடுப்பார்களே தவிர, தம்மைக் கவனிக்க மாட்டார்கள்.

தசைநார்:

நான் இயன்முறை மருத்துவத் துறையைச் சேர்ந்தவள். மேலே எழுதியிருப்பதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; குறிப்பாக முதியவரை எழுப்பும் முறையை வீட்டில் உள்ள அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் கவனித்தல் ஒன்றே போதும் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. தசை வலுவைக் கவனத்தால் ஈடுசெய்ய முடியாது. வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

நாள்பட்ட அல்லது அடிக்கடி திரும்பி வரும் முதுகுவலியுடைய 579 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு இங்கே பொருந்தும். உடலைப் பயன்படுத்தும் பழக்கங்களைக் கவனித்து மாற்றக் கற்பிக்கும் அலெக்சாண்டர் முறையில் 24 பாடங்கள் கற்றவர்களுக்கு ஓராண்டுக்குப் பிறகும் வலியுள்ள நாட்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஆனால் ஆறே பாடங்களுடன் உடற்பயிற்சிக்கான பரிந்துரையும் பெற்றவர்கள் ஏறக்குறைய அதே பயனை அடைந்தனர். எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான் பெரிதாகத் தோன்றுகிறது. இன்னொன்று: கழுத்து வலியுடன் கையில் மரத்துப்போதலோ பலவீனமோ நடையில் தடுமாற்றமோ சேர்ந்தால், எந்தப் பயிலரங்குக்கும் போகாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் கண்ணாடி:

அந்த முறையை உருவாக்கிய அலெக்சாண்டரின் கதையிலேயே உங்கள் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. மேடைகளில் இலக்கியப் பகுதிகளை ஒப்புவித்து வந்த ஆஸ்திரேலியரான எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955), குரல் கம்மிப்போவதற்கான காரணத்தைத் தேடி, கண்ணாடி முன் நின்று தம்மையே கவனித்தார். பேசத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுப்பது தெரிந்தது. உடனே திருத்திக்கொண்டதாக நம்பினார். பக்கவாட்டிலும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தால், தலை முன்னே இருப்பதாக அவர் உணர்ந்த அதே கணத்தில் அது பின்னே போய்க்கொண்டிருந்தது! பழகிய தவறு சரியாகவே தோன்றும் என்பதால்தான், அந்த இரண்டு வாரங்களில் கழுத்து பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்ததை நீங்கள் உணராமல் போனீர்கள். பயணப்பாய் அவர்கள் "திருத்த முயல வேண்டாம்" என்று எழுதியதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். எழ வேண்டும் என்று தோன்றியதற்கும் எழுவதற்கும் நடுவில் ஒரு நொடி நிற்பது மட்டுமே உங்கள் வேலை.

மெல்லடி:

மூவருக்கும் நன்றி. பத்து நாட்களாக நாற்காலியை மட்டும் கவனித்து வருகிறேன். பாதி நேரம் எழுந்த பிறகுதான் நினைவு வருகிறது. கண்டுகொண்டது ஒன்றே ஒன்று: தொலைபேசி ஒலித்தால், எழுவதற்கு முன்பே என் மோவாய் மேலே போய்விடுகிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. ஒலிக்காதபோது இரண்டுமே நிகழ்வதில்லை. இருமுறை ஒலித்த பிறகு எழுவது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். தாயாரைப் பொறுத்தவரை, பக்கத்தில் போய் நின்ற முதல் நாள் ஏன் இழுக்கவில்லை என்று கேட்டுக் கோபித்துக்கொண்டார். நேற்று நான் வருவதற்குள் பாதங்களைப் பின்னே இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வலுவூட்டும் பயிற்சியை இன்னும் தொடங்கவில்லை என்பதைத் தசைநார் அவர்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.