'பொருளின் அளவு' என்பதற்கு மாற்றாகத் 'துகள்தொகை'

நண்பர்களுக்கு வணக்கம்.

உயர்நிலைப் பள்ளி வேதியியலின் அடிப்படைகளைக் கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர்களுக்காக மீள்பார்வைப் பாடங்களாக எழுதி வருகிறேன். அணு, மூலக்கூறு, அயனி, வேதிச்சமன்பாடு என்று வரும்வரை கலைச்சொற்களால் இடையூறு ஏதும் நேரவில்லை. மோல் பற்றிய பாடத்துக்கு வந்தபோதுதான் எழுத்து நின்றுவிட்டது. மோல் ஓர் அலகு என்று எழுதினால், எந்த அளவையின் அலகு என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்கு 'பொருளின் அளவு' என்று விடை எழுதும்போது, விளக்கத் தொடங்கிய இடத்திலேயே குழப்பத்தையும் விதைக்கிறோம் என்று உணர்கிறேன். அச்சொல்லுக்கு மாற்றாகத் 'துகள்தொகை' என்பதை முன்வைக்கிறேன்.

நீளம், நிறை, காலம், மின்னோட்டம், வெப்பநிலை, ஒளிச்செறிவு ஆகிய ஆறு அடிப்படை அளவைகளுக்கும் அவற்றுக்கே உரிய பெயர்கள் இருக்க, ஏழாவதற்கு மட்டும் எதற்கும் பொருந்தக்கூடிய ஒரு பொதுத்தொடர் வாய்த்திருக்கிறது. ஒரு பொருளின் அளவு என்றால் அதன் பருமனையோ எடையையோதான் தமிழ்க் காது முதலில் கேட்கும். நான்கு கிராம் ஹைட்ரஜனும் நான்கு கிராம் ஆக்ஸிஜனும் எடுத்துக்கொண்டு, இவ்விரண்டின் 'பொருளின் அளவு' சமமா என்று கேட்டால், சமம் என்று சொல்லும் மாணவரைக் குறைகூற முடியாது, ஏனெனில் சொல் அப்படித்தான் சொல்லத் தூண்டுகிறது. உண்மையில் அந்த ஹைட்ரஜன் 2 மோல். ஆக்ஸிஜனோ ஒரு மோலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.125 மோல். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு என்ற விகிதத்தில் நீர் உண்டாவதால், அவ்வளவு ஆக்ஸிஜனுக்கு 0.25 மோல் ஹைட்ரஜன், அதாவது அரை கிராம் மட்டுமே போதும். ஆக்ஸிஜன் முழுவதும் தீர்ந்து, 4.5 கிராம் நீர் உண்டாகி, 3.5 கிராம் ஹைட்ரஜன் வினைபுரியாமல் எஞ்சி நிற்கும். வேதிச்சமன்பாட்டில் (2H₂ + O₂ → 2H₂O) வரும் 2, 1, 2 என்ற எண்கள் கிராம்களைப் பற்றியவை அல்ல என்பதை மாணவர் மனத்தில் பதியவைப்பதே இப்பகுதியின் பெரும்பாடு. அதற்குக் கலைச்சொல் துணைநிற்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் மோல் என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது, மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்துக்கொண்ட பொருள்திரளையே அது குறித்தது. நம் பழைய பாடநூல்களில் இருந்த 'கிராம் மூலக்கூறு எடை' அந்தக் கருத்தின் எச்சம். 1971இல் எடைகள், அளவைகளுக்கான 14ஆம் பொது மாநாடு மோலை ஏழாவது அடிப்படை அலகாக ஏற்றபோதும், 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டே வரையறை செய்தது. ஆகவே கிராம் வரையறைக்குள்ளேயே இருந்தது. 2019 மே 20 முதல் அந்தப் பிணைப்பு அறுந்தது. ஒரு மோல் என்பது மிகச் சரியாக 6.02214076 × 10²³ அடிப்படைத் துகள்களைக் கொண்டது, அவ்வளவுதான். வரையறையே எடையை விட்டுத் துகளைப் பற்றிக்கொண்ட பின்னும், நம் சொல் மட்டும் 'பொருள்' என்ற பழைய இடத்திலேயே நிற்க வேண்டிய தேவை இல்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'அமவுண்ட் ஆஃப் சப்ஸ்டன்ஸ்' என்ற தொடரும் ஜெர்மன் மொழியின் 'ஷ்டோஃப்மெங்கே' என்பதும் இதே குறையைச் சுமப்பவையே. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் குறையையும் சேர்த்தே பெற்றுக்கொண்டோம்.

இனி, மாற்றாகக் கருதத்தக்கவற்றைப் பார்க்கலாம். வகுப்பறைகளில் பெரிதும் வழங்குவது 'மோல்களின் எண்ணிக்கை'. நிறையைக் 'கிலோகிராம்களின் எண்ணிக்கை' என்றோ நீளத்தை 'மீட்டர்களின் எண்ணிக்கை' என்றோ நாம் சொல்வதில்லை; அளவைக்கு அலகின் பெயரையே சூட்டினால், அளவை என்ன என்ற கேள்விக்கு விடையே கிடைப்பதில்லை. 'மோலளவு' என்பது சுருக்கமாகவும் நாவுக்கு எளிதாகவும் இருந்தாலும், அதற்கும் இதே தடை பொருந்தும்.

'துகளளவு' என்பதையே நானும் முதலில் நினைத்தேன். ஆனால் எள்ளளவு, தினையளவு, இம்மியளவு என்ற வரிசையில் அது போய் உட்கார்ந்துவிடுகிறது. 'துகளளவு சோடியம்' என்று படிப்பவர், மிகச் சிறிய ஒரு துணுக்குச் சோடியம் என்றுதான் கொள்வார். துகளின் பருமன் என்று கொள்பவர்களும் இருப்பார்கள். மூலக்கூறு என்ற சொல்லில் உள்ள 'கூறு' என்பதை எடுத்துக்கொள்ளலாமே என்றால், ஆறு 'ஆற்றுநீர்' ஆவது போல, நன்னூல் விதிப்படி றகரம் இரட்டித்துக் 'கூற்றளவு' என்றாகும். கூற்று என்றதும் சொல்லப்பட்ட செய்தியும் எமனும் நினைவுக்கு வரும்போது, அங்கே வேதியியலுக்கு இடமில்லை.

துகள்தொகை என்பதற்கு நான் சாய்வதற்கு முதன்மையான காரணம் தமிழிலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. எண்ணத்தக்கவற்றை 'எத்தனை' என்றும், அளக்கத்தக்கவற்றை 'எவ்வளவு' என்றும் கேட்கிறோம். மக்கள் எத்தனை பேர் என்று கேட்கும் அதே வாய், மக்கள்தொகை எவ்வளவு என்றுதான் கேட்கிறது. ஒவ்வொன்றாக எண்ணப்பட வேண்டியவை ஒரு திரளாகத் தொகுக்கப்பட்டு, அளக்கப்படும் ஒன்றாக மாறும் அந்தத் திருப்பத்தைத் 'தொகை' என்ற சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மோல் செய்யும் வேலையும் சரியாக அதுவே. 18 கிராம் நீரில் மூலக்கூறுகள் எத்தனை என்றால் 6.022 × 10²³ என்ற வெறும் எண் விடையாகும். துகள்தொகை எவ்வளவு என்றால் 1 மோல் என்று அலகோடு விடை வரும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது அவகாட்ரோ மாறிலி. இந்த மூன்றையும் பிரித்துணரத் தடுமாறும் மாணவருக்கு, எத்தனை, எவ்வளவு என்ற இரண்டு வினாச்சொற்களே வழிகாட்டிவிடும்.

வேதியியல் தமிழுக்கும் 'தொகை' புதிதன்று. கரைபொருளின் தன்மையைச் சாராமல், துகள்கள் எவ்வளவு உள்ளன என்பதை மட்டுமே சார்ந்த பண்புகளைத் 'தொகைசார் பண்புகள்' என்று மேல்நிலைப் பாடநூல்கள் ஏற்கெனவே அழைக்கின்றன. ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், கரைந்தால் உறைநிலை ஏறத்தாழ 1.86 டிகிரி தாழ்கிறது. அதே அளவு தூய நீரில் ஒரு மோல் சோடியம் குளோரைடு, அதாவது 58.5 கிராம் மட்டுமே, கரைந்தால் தாழ்வு ஏறத்தாழ இருமடங்காகிறது. அது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து துகள்தொகையை இரட்டிப்பதே காரணம். இந்த வாக்கியத்தில் 'பொருளின் அளவை இரட்டிப்பது' என்று மாற்றி எழுதிப் பாருங்கள். கரைத்த உப்பே இருமடங்கானதாகப் பொருள்பட்டு வாக்கியம் பிழையாகிவிடுகிறது.

எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. திண்ம நிலையிலுள்ள சோடியம் குளோரைடில் தனித்த மூலக்கூறு இல்லாதபோது, அங்கே எதைத் துகள் என்பது? பன்னாட்டு வரையறை இதற்கு இடம் வைத்திருக்கிறது. அணு, மூலக்கூறு, அயனி, எலக்ட்ரான், வேறு எந்தத் துகளும், அல்லது குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட துகள்களின் குழு என்று அது விரிகிறது. ஒரு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் சேர்ந்த இணை அத்தகைய குழுவே. எதன் துகள்தொகை என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்ற ஒழுங்கையும் இச்சொல் கற்பிக்கும். 'ஒரு மோல் ஆக்ஸிஜன்' என்று பொதுவாகச் சொன்னால், அது 16 கிராம் அணுக்களா, 32 கிராம் மூலக்கூறுகளா என்பது விளங்காது.

புணர்ச்சி பற்றியும் ஒரு சொல். இலக்கணப்படி இது 'துகட்டொகை' என்றே வர வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் மக்கட்டொகை என்று இன்று பெரும்பாலோர் எழுதுவதில்லை. மக்கள்தொகை இயல்பாகவே நிலைத்துவிட்டது. அதே சலுகையை இதற்கும் தரலாம்.

இலங்கை நண்பர்களின் கருத்தைச் சிறப்பாக எதிர்பார்க்கிறேன். அங்கே திணிவு என்பது இங்கே நிறை. அங்கே நிறை என்பது இங்கே எடை. மோலும் அங்கே மூல் ஆகிறது. இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவில், துகளை அங்கே பாடநூல்கள் துணிக்கை என்று சொன்னாலும், துகள், தொகை என்ற இரண்டும் இரு கரையிலும் விளங்கும் சொற்கள் என்பதால், இந்த ஓர் அளவைக்காவது தொடக்கத்திலேயே ஒரே பெயர் அமைய வாய்ப்பிருக்கிறது.

வழிச்சொற்களில் 'துகள்தொகைப் பின்னம்' எனக்கு நிறைவளிக்கிறது. ஒரு கலவையின் மொத்த மோல்களில் ஒரு கூறின் பங்கைக் குறிக்கும் இப்போதுள்ள 'மோல் பின்னம்', அலகில்லாத ஒன்றின் பெயரில் அலகை வைத்திருக்கிறது. கனஅளவில் கரைந்துள்ள மோல்களைக் குறிக்கும் செறிவுக்குத் 'துகள்தொகைச் செறிவு' என்பது சற்று நீளமாகத் தோன்றுவதால், அங்கே வெறும் 'தொகைச்செறிவு' போதுமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. 'மோலார் நிறை' நன்கு வேரூன்றிவிட்டதால் அதை நான் தொடவில்லை.