வேட்டை நடக்கிற இடத்தில் பறவை பார்க்கப் போகலாமா?

வடகரை:
போன சனிக்கிழமை மகளோடு கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குப் போயிருந்தேன். வில்லோஸ் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. ஆறு மைல் பாதையைக் காரிலேயே சுற்ற வேண்டும். குறித்த சில இடங்களில் மட்டும் இறங்கலாம். ஊசிவால் வாத்துகள் கொள்ளை கொள்ளையாக. ஸ்னோ கூஸ் என்ற வெள்ளை வாத்துக் கூட்டம் எழும்பியபோது வானமே வெளுத்தது. நடுவில் தூரத்தில் டப் டப் என்று சத்தம். "பட்டாசாப்பா?" என்றாள். புகலிடத்தின் இன்னொரு பகுதியில் வாத்து வேட்டை. சீசனில் புதன், சனி, ஞாயிறு சுடலாமாம். நண்பர் ஒருவர் 25 டாலர் கொடுத்து டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கான அரசு முத்திரை) வாங்கு, நுழைவுக் கட்டணம் மிச்சம் என்கிறார். வேட்டைக்காரர் வாங்கும் முத்திரையை நான் ஏன் வாங்க வேண்டும்? இனி அங்கே போவதே சரியா?

குளத்துமேடு:
தாராளமாகப் போங்கள், ஸ்டாம்பும் வாங்குங்கள். 1934-இல் தொடங்கியது, விற்கிற ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. புகலிடம் இருக்கும் சென்ட்ரல் வேலி பள்ளத்தாக்கின் ஈரநிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வயலும் ஊருமாகிவிட்டது. நீங்கள் பார்த்த தண்ணீரும் தானாக நிற்பதில்லை. இலையுதிர் காலத்தில் பாய்ச்சி, வசந்தத்தில் வடித்து, நம் குதிரைவாலிக்கு உறவான புல்லை வாத்துக்காகவே வளர்க்கிறார்கள். இதற்கெல்லாம் காசு வேண்டாமா?

நத்தைகுத்தி:
காசு கொடுத்தவன் சுடலாம் என்றால் அது புகலிடமா, பண்ணையா? ராஜஸ்தானின் பரத்பூரிலும் மன்னர் வாத்துக்காகத்தான் தண்ணீர் தேக்கினார். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். நம் வேடந்தாங்கலைப் பாருங்கள். சிப்பாய்கள் சுட்டதைப் பொறுக்காமல் ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். துப்பாக்கிக்காரன் தயவில் ஏரி பிழைக்கவில்லை.

குளத்துமேடு:
அந்த ஊராரும் சும்மா காக்கவில்லை ஐயா. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஆதாயம் இருந்தது, காத்தார்கள்.

நத்தைகுத்தி:
அந்த ஆதாயத்துக்குப் பறவை உயிரோடு இருக்க வேண்டும். வித்தியாசம் புரிகிறதா?

குளத்துமேடு:
புரிகிறது, நல்ல அடி. ஆனால் கணக்கையும் பாருங்கள். 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வுப்படி 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவில் ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன. புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் போச்சு. வாத்து இனங்கள் மட்டும் 56 சதவீதம் கூடியிருக்கின்றன. சுடப்படுகிற பறவைதான் பெருகியிருக்கிறது!

நத்தைகுத்தி:
அதையேதான் நானும் சொல்கிறேன். சுடுகிறவன் தனக்கு வேண்டிய பறவையை வளர்த்துக்கொண்டான். வானம்பாடியை யார் சுடுகிறார்கள்? அதனால் அதற்குக் காசு இல்லை. இதைப் போய்ப் பறவைப் பாதுகாப்பு என்கிறீர்கள்.

ஈரக்கால்:
நடுவே நுழைகிறேன். நான் சுட்டதில்லை, ஆனால் பதினைந்து வருடமாக அங்கே போகிறேன். நத்தைகுத்தி சொன்னதைத் திருப்பிப் பாருங்கள்: வானம்பாடிக்குக் காசு கொடுத்திருக்க வேண்டியது நாம். இரண்டாயிரம் டாலர் லென்ஸ் வாங்குவோம், 25 டாலர் என்றால் தர்மசங்கடம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி உண்டு, 1937 சட்டப்படி அது வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. பைனாகுலருக்கு அப்படி ஒன்று இல்லை.

குண்டைவிட எனக்குப் பயம் தண்ணீர் வற்றுவதுதான். ஆரிகன் எல்லையில் இருக்கும் லோயர் கிளாமத், 1908-லேயே நீர்ப்பறவைகளுக்கென ஒதுக்கிய இடம். 2020 வறட்சியில் பாட்யூலிசம் என்ற பாக்டீரியா நச்சு நோய் வந்து அந்தப் பகுதியில் பல்லாயிரம் பறவைகள் செத்தன. எந்த வேட்டைக்காரரும் சுடவில்லை.

நத்தைகுத்தி:
பைனாகுலர் வரி போடட்டும், முதல் ஆளாகக் கட்டுகிறேன். ஆனால் வேட்டைக்காரர் நல்லவர் என்ற பாட்டு வேண்டாம். ஈயக் குண்டுகளை இவர்களாகக் கைவிட்டார்களா? சேற்றில் கிடந்ததை விழுங்கி வாத்துகள் விஷமேறிச் செத்து, கடைசியில் அரசு தடை போட்டு, 1991-இல்தான் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் நின்றது.

குளத்துமேடு:
அதில் உங்களோடு சண்டை இல்லை.

வடகரை:
சரி, நான் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. சத்தம் இல்லாமல் பார்க்க எந்த நாள் நல்லது?

ஈரக்கால்:
திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. மாலையில் நில்லுங்கள், வாத்துகள் கூட்டமாக எழும்பி அறுத்த நெல்வயலுக்கு மேயப் போகும். இன்னொரு கூத்து: வயலில் அவை செய்யும் சேதத்தைக் குறைப்பதும் 1937-இல் இந்தப் புகலிடம் அமைத்ததற்கு ஒரு காரணம்.

வடகரை:
வியாழன் பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட வேண்டியதுதான். ஸ்டாம்ப் விஷயத்தை மகளிடம் கேட்டேன். வாத்துப் படம் அழகாக இருக்கிறது, வாங்கு என்கிறாள்.

நத்தைகுத்தி:
வாங்குங்கள். உறையில் ஒட்டித் தபாலில் போட்டுவிடாதீர்கள், செல்லாது.