புதுப்பிப்பு: வால்வொர்த் சாரணர்கள் பற்றிய முந்தைய இழைக்கு ஒரு திருத்தம்

1912 ஆகஸ்ட் 4 அன்று, கோடை முகாமுக்காகத் தேம்ஸ் வழியே படகில் சென்ற லண்டன் வால்வொர்த் 2ஆம் சாரணர் குழுவின் படகு, ஷெப்பி தீவின் லேஸ்டவுன் கரையை நெருங்கும்போது திடீர்க் காற்றில் கவிழ்ந்து, சாரணச் சிறுவர்கள் 9 பேர் இறந்தனர் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். ஒன்பது பேரும் சாரணர்கள் என்றது பிழை, அவர்களுள் ஒருவர் அரெத்தூசா பயிற்சிக் கப்பலைச் சேர்ந்தவர். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் அனுப்பிய ஃபெர்வென்ட் போர்க்கப்பல் உடல்களைத் தேம்ஸ் வழியே லண்டனுக்குக் கொண்டுவந்தது.

லண்டனின் நன்ஹெட் இடுகாட்டில் இவர்களுக்காக 1914இல் நிறுவப்பட்ட நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவர், பின்னாளில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டால் புகழ்பெற்ற கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்பதை அப்போது குறிப்பிடத் தவறிவிட்டேன். அதன் மேல் நின்ற வெண்கலச் சாரணன் சிலை 1969இல் திருடுபோனது. உலோக விலைக்காக எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். இன்று அங்கிருப்பது 1992இல் வைக்கப்பட்ட எளிய கல்.