1806-க்கு அப்புறம் 2214502422 எப்படி வந்தது?

காட்பாடி_கணக்கு:
நம்ம வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி நடந்த 1806-ஐச் சும்மா பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தேன், 2×3×7×43. இதில் வேடிக்கை என்னவென்றால் 1/2 + 1/3 + 1/7 + 1/43 கூட்டி அதோடு 1/1806-ஐயும் சேர்த்தால் சரியாக 1 வருகிறது. 2, 6, 42 மூன்றுக்கும் இதே கதைதான், ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கினால் அடுத்தது கிடைக்கிறது (6×7=42, 42×43=1806). ஆனால் இப்படி 1 வருகிற எண்களின் பட்டியலில் 1806×1807 இல்லை. 47058 இருக்கிறது, அப்புறம் ஒரே தாவலில் 2214502422, அதாவது 221 கோடிக்கு மேல். யாராவது விளக்குங்களேன்.

ரிட்டயர்டு_வாத்தியார்:
தம்பி, 1/42 = 1/43 + 1/1806. கடைசியாக மிஞ்சுகிற துண்டை இரண்டாக உடைக்கிறீர்கள், அவ்வளவுதான், அதனால் மொத்தம் மாறாது. ஒரே நிபந்தனை, புதிதாக வருகிற எண் பகா எண்ணாக இருக்க வேண்டும். 43 பகா எண். 1807 அப்படி இல்லை, 13×139. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

47058 வேறு வழியில் வருவது: 2×3×11×23×31. இதில் 7 கிடையாது, கவனியுங்கள். கையாலேயே சரிபார்க்கலாம், 47058-ஐ அந்த ஐந்தாலும் தனித்தனியாக வகுத்தால் 23529, 15686, 4278, 2046, 1518. கூட்டினால் 47057, ஒன்று குறைவு, அந்த ஒன்றைத்தான் 1/47058 நிரப்புகிறது. இதற்கு அடுத்த 47059 பகா எண். ஆகவே 47058×47059 = 2214502422. அதற்கும் அடுத்ததை எடுத்தால் 7-ஆல் வகுபடும், திரும்பவும் நின்றுவிடும்.

பாலாறு_மணல்:
வாத்தியார் சொன்னதோடு இன்னொன்று. 2000-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரைப்படி ஒரு பகாக் காரணி முதல் எட்டுக் காரணி வரை ஒவ்வொன்றுக்கும் இந்த வகையில் சரியாக ஒரே ஒரு எண்தான். எட்டுக்கானது 31 இலக்கம், அதற்குள் 2214502422 அப்படியே காரணியாக உட்கார்ந்திருக்கிறது! இவை முடிவில்லாமல் உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி.

ஆரணி_அக்கா:
பெரிசாக இருந்தால் உசத்தி என்று நினைக்காதீங்க, எனக்கு 1806-தான் பிடிக்கும். எந்த முழு எண்ணையும் 1807-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து அந்த எண்ணையே கழித்தால், மிச்சம் 1806-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 221 கோடிக்காரருக்கு இது வராது.

காட்பாடி_கணக்கு:
அது ஏன் வராது அக்கா?

ஆரணி_அக்கா:
ஃபெர்மாவின் சிறிய தேற்றம்தான் பா: ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. 2, 3, 7, 43 ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 1, 2, 6, 42, எல்லாமே 1806-ஐ வகுக்கும். அந்தப் பெரிய எண்ணில் 11 இருக்கிறது, ஒன்றைக் கழித்தால் 10, 2-இல் முடிகிற எண் 10-ஆல் எங்கே வகுபடும்? 47058-க்கும் அதே கதிதான்.